இண்டியானாபொலிசில் உருப்பெற்ற ஒரு மருத்துவத் தொழில்

சிறுநீரகம், சிறுநீர்ப்பை, புரோஸ்டேட் சுரப்பி, விரை, ஆண்குறி ஆகிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களை மருத்துவ உலகம் ஒரே தொகுதியாகக் கொண்டு, அவற்றுக்கெனத் தனி வல்லுநர்களையும் தனிப் பிரிவுகளையும் வைத்திருக்கிறது. இத்தொகுப்புக்கு வலுவான உயிரியல் காரணம் இருப்பதாகச் சொல்ல முடியாது. இளைஞர்களைப் பிடிக்கும் விரைப் புற்றுநோய் சில மாதங்களில் நுரையீரலுக்குப் பரவக்கூடியது. முதியவர்களிடம் காணப்படும் புரோஸ்டேட் புற்றுநோயோ பல நேரங்களில் பத்தாண்டுகளுக்கு மேலும் அடங்கிக் கிடப்பது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சாயத்தோடும் புகையிலையோடும் உறவுடையது. சிறுநீரகப் புற்றுநோய் பழைய கீமோதெரபி மருந்துகள் எதற்கும் ஏறக்குறைய அசையாதது. இயல்பில் இவ்வளவு வேறுபட்ட நோய்கள் ஒரே கூரையின் கீழ் வந்ததற்குக் காரணம், அவற்றை அறுத்து அகற்றியவர் ஒரே வகை அறுவை மருத்துவராக இருந்ததுதான். மருந்தால் புற்றுநோயைக் குணப்படுத்தும் மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இத்துறைக்குள் நுழைந்தபோது, தாம் வகுக்காத எல்லைகளை உடைய ஒரு நிலத்தையே பெற்றுக்கொண்டார்.

அந்நிலத்தின் பழைய உடைமையாளர்கள் கல்லறுப்போர், அதாவது சிறுநீர்ப்பையில் தேங்கிய கல்லை வெட்டி எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களின் வழிவந்த ஐரோப்பிய அறுவை மருத்துவர்களே இவ்வுறுப்புகளின் புற்றுநோயை முதலில் கண்டனர். லண்டனில் பெர்சிவல் பாட் 1775இல், புகைபோக்கி துப்புரவு செய்யும் சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பைத் தோலில் வரும் புற்றுநோய் கரியால் விளைவது என்று எழுதினார். தொழில் ஒன்றினால் புற்றுநோய் வருகிறது என்பதை எடுத்துக்காட்டிய முதல் மருத்துவக் குறிப்பு அது. 1895இல் பிராங்பர்ட் நகரின் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் மிகுந்திருப்பதைக் கண்டு அறிவித்தார். இவ்விருவரும் காரணத்தைக் கண்டனரேயன்றி, சிகிச்சையாக அவர்கள் கையில் இருந்தது கத்தி ஒன்றே.

சிறுநீரியல் என்னும் தனித்துறை உருவானதும் கருவிகளைச் சார்ந்தே. மாக்ஸ் நிட்சே 1877இல் டிரெஸ்டனில் செய்து காட்டிய சிறுநீர்ப்பை அகநோக்கி, அதாவது சிறுநீர்வழியாகச் செலுத்தி உட்புறத்தைக் கண்ணால் பார்க்க உதவும் ஒளிக்குழாய், வயிற்றைத் திறக்காமலே கட்டியைக் காணும் வழியைத் தந்தது. பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் பெலிக்ஸ் குயோன் 1890இல் சிறுநீரியலுக்கான பேராசிரியர் பதவியை ஏற்றார்; அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 1902இல் நிறுவப்பட்டது; பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் 1904இல் புற்றுநோய் கண்ட புரோஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றும் அறுவையைச் செய்தார். நோய் உறுப்புக்குள் அடங்கியிருந்தால் அறுக்கலாம், எலும்புக்கோ நுரையீரலுக்கோ சென்றுவிட்டால் வலியைக் குறைப்பதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதே அன்றைய நிலை. புரோஸ்டேட் புற்றுநோயுடன் வருபவர்களுள் பெரும்பாலோர் நோய் பரவிய பின்னர்தான் வந்தனர்.

பரவிய நோயின் முன் நின்ற அந்தச் சுவரில் முதல் வாயிலைத் திறந்தவரும் ஓர் அறுவை மருத்துவரே. 1901இல் கனடாவின் ஹாலிபாக்சில் பிறந்த சார்லஸ் ஹக்கின்ஸ், 1927இல் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த சிகாகோ பல்கலைக்கழக மருத்துவத் துறையில் சேர்ந்தபோது சிறுநீரியலில் தனிப்பயிற்சி பெறாதவர். அத்துறையின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரே அதைக் கற்றுக்கொண்டார். வேதியியலில் அவருக்கிருந்த ஈடுபாடு, நோயாளியின் படுக்கையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு அவரை இழுத்துச் சென்றது. புரோஸ்டேட் சுரப்பி, சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சூழ்ந்து அமைந்து விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பது. அச்சுரப்பை நாய்களிடமிருந்து தூயநிலையில் சேகரித்து அளக்கும் முறையை ஹக்கின்ஸ் வகுத்தார். விரைகளை அகற்றினால் சுரப்பு நின்றது. ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டீரோன் ஹார்மோனைச் செலுத்தினால் மீண்டது. பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் ஒடுங்கியது. மனிதரைப் போலவே முதிர்ந்த நாய்களுக்கும் புரோஸ்டேட் கட்டிகள் தாமாகவே வருவதுண்டு. சுரப்பை அளக்கும் வேலைக்கு இடையூறாக எதிர்ப்பட்ட அக்கட்டிகளும் விரைநீக்கத்தால் சுருங்கியதைக் கண்டபோதுதான், இடையூறே ஆய்வுப் பொருளாயிற்று.

இதை மனிதரிடம் சோதிப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோயில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதி இரத்தத்தில் உயர்வதை அலெக்சாண்டர் கட்மனும் ஈதல் கட்மனும் 1938இல் நியூயார்க்கில் காட்டியிருந்தனர். உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் புற்றுநோயின் ஏற்ற இறக்கத்தைக் குருதித்துளி ஒன்றில் படிக்கலாம் என்னும் கருத்து இங்கிருந்தே வேர்விட்டது. ஹக்கின்சும் அவருடைய மாணவர் கிளாரன்ஸ் ஹாட்ஜசும் 1941இல் வெளியிட்ட கட்டுரை, விரைநீக்கத்தாலும் ஈஸ்ட்ரோஜனாலும் அந்நொதி வீழ்வதையும், டெஸ்டோஸ்டீரோனால் உயர்வதையும் காட்டியது. அதே ஆண்டில் 21 நோயாளிகளுக்கு விரைநீக்கம் செய்ததன் விளைவுகளும் வெளிவந்தன. எலும்பு வலியால் படுக்கையோடு கிடந்தவர்களுள் பலர் சில நாள்களிலேயே வலி தணியக் கண்டனர். பரவிவிட்ட புற்றுநோய் உடலின் இயல்பான வேதிப்பொருள் ஒன்றைச் சார்ந்து வாழக்கூடும் என்பதும், அதை விலக்கினால் நோய் பின்வாங்கும் என்பதும் இதனால் நிறுவப்பட்டன. இப்பணிக்கான நோபல் பரிசு 1966இல்தான் வந்தது.

ஆனால் அந்நோய் மீண்டும் எழுந்தது. ஓரிரு ஆண்டுகள் அடங்கியிருந்த புற்றுநோய் ஹார்மோன் இல்லாமலும் வளரக் கற்றுக்கொண்டு திரும்பியபோது, சிறுநீரியலரிடம் அடுத்த கருவி இல்லை. ஈஸ்ட்ரோஜன் தன்மை கொண்ட செயற்கை மருந்தான டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், கத்தியின்றியே விரைநீக்கத்தின் பயனைத் தந்ததாயினும், அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள் 1960களில் நடத்திய ஒப்பீட்டாய்வுகள், நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் அது இதய, இரத்தக்குழாய் மரணங்களை மிகுவிப்பதை வெளிப்படுத்தின. புற்றுநோயால் இறப்போர் குறைந்து, மருந்தால் இறப்போர் கூடிய அந்தக் கணக்கு, ஒப்பீட்டாய்வின் தேவையை இத்துறைக்கு உணர்த்திய கசப்பான பாடமாக அமைந்தது.

இதற்கிடையே மருத்துவ உலகின் வேறொரு மூலையில் புதிய தொழிலொன்று உருவாகிக்கொண்டிருந்தது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கொடுத்துவந்த உள்மருத்துவர்கள், திண்மக் கட்டிகளுக்கும் அதே வழியைத் தேடினர். மின் சியு லி என்பவரும் ராய் ஹெர்ட்சும் 1956இல் மெத்தோட்ரெக்சேட் மருந்தால், கருத்திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமா என்னும் பரவிய புற்றுநோயை மறையச் செய்தனர். 1960இல் லி, நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையிலிருந்து, மூன்று மருந்துகளின் கூட்டு பரவிய விரைப் புற்றுநோய் சிலவற்றை அடக்குவதை அறிவித்தார். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 1964இல் அமைந்தது. உள்மருத்துவத்தின் கிளையாகப் புற்றுநோயியலுக்கான முதல் தகுதித் தேர்வு 1973இல் நடந்தது. அறுக்காதவர், கதிர்வீச்சுக் கருவியை இயக்காதவர், மருந்தை மட்டுமே கருவியாகக் கொண்டவர் என்று ஒரு புற்றுநோய் மருத்துவர் முறையான தகுதியுடன் தோன்றியது அந்த ஆண்டில்தான் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. ஏனெனில் அதே 1973இல்தான் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்னும் இளைஞர் இண்டியானாபொலிசில் உள்ள இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

ஐன்ஹார்ன் 1942இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டனில் பிறந்து, அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் அவர் பயிற்சி பெற்ற காலத்தில், அங்கே மெல்வின் சாமுவேல்ஸ் என்னும் மருத்துவர் வின்பிளாஸ்டின், பிளியோமைசின் ஆகிய இரு மருந்துகளைச் சேர்த்துப் பரவிய விரைப் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்தார். வின்பிளாஸ்டின், தமிழகத்தில் நித்தியகல்யாணி என்று வீட்டுவாசலில் வளர்க்கப்படும் மடகாஸ்கர் செடியிலிருந்து கனடாவில் 1950களின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்டது. பிளியோமைசின், ஜப்பானில் ஹமாவோ உமேசாவா மண்ணுயிரி ஒன்றிலிருந்து கண்டெடுத்தது. இவ்விரண்டும் நோயைச் சுருக்கின. நிலைத்த குணத்தைச் சிலருக்கே தந்தன. பரவிய விரைப் புற்றுநோய் உடையவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே அன்று பிழைத்தனர். அவர்கள் பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள்.

மூன்றாவது மருந்தின் வரலாறு விந்தையானது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்னெட் ரோசன்பர்க், மின்புலம் உயிரணுப் பிரிவைப் பாதிக்குமா என்றறியப் பிளாட்டினம் மின்வாய்களை நுண்ணுயிர்க் கரைசலில் வைத்தபோது, நுண்ணுயிர்கள் பிரியாமல் இயல்பினும் முந்நூறு மடங்குவரை நீண்டு வளர்ந்தன. காரணம் மின்சாரமன்று, மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மம் என்று 1965இல் அவர் குழு அறிவித்தது. அச்சேர்மம் 1840களிலேயே மிக்கேலே பெய்ரோனே என்னும் இத்தாலிய வேதியியலாளர் உருவாக்கியிருந்த பழம்பொருள். பின்னாளில் சிஸ்பிளாட்டின் என்று பெயர் பெற்றது. எலிகளின் கட்டிகளை அது கரைத்தது 1969இல் தெரியவந்தது. மனிதரிடம் சோதித்தபோதோ சிறுநீரகத்தைச் சிதைத்தது, கட்டுக்கடங்காத வாந்தியை வரவழைத்தது. கைவிடப்படும் நிலைக்கு அது வந்ததும் இயல்பே. ஆயினும் அச்சோதனைகளில் சேர்ந்திருந்த விரைப் புற்றுநோயாளிகள் சிலரிடம் கட்டி சுருங்கியது குறித்துவைக்கப்பட்டிருந்தது.

1974இல் ஐன்ஹார்ன் இம்மருந்தை முந்தைய இரண்டோடும் சேர்த்தார். இச்சேர்க்கையின் பின்னிருந்த கணக்கு எளியதாயினும் கூர்மையானது. வின்பிளாஸ்டின் எலும்பு மச்சையைத் தாக்குவது. பிளியோமைசின் மச்சையை விட்டுவிட்டு நுரையீரலை வடுப்படுத்தக்கூடியது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்குவது. மூன்றின் நச்சும் வெவ்வேறு உறுப்புகளில் விழுவதால், எதையும் பெரிதாகக் குறைக்காமல் மூன்றையும் ஒருங்கே கொடுக்க முடிந்தது. சிரை வழியாக மிகுதியான உப்புநீரைச் செலுத்திச் சிறுநீரகம் காக்கப்பட்டது. 1977இல் வெளியான அறிக்கையில் 50 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களுள் மூவர் சிகிச்சை தொடங்கிய இரு வாரத்துக்குள் இறந்துவிட, எஞ்சிய 47 பேரில் 35 பேரிடம், அதாவது 74 விழுக்காட்டினரிடம் நோயின் சுவடே மறைந்தது. கோரியோகார்சினோமாவைத் தவிர்த்தால், திண்மக் கட்டி ஒன்று பரவிய பின்னரும் இத்தனை பேரிடம் மறைவது அதற்குமுன் பெரியவர்களிடம் காணப்படாதது.

அந்த அறிக்கையில் அதிகம் பேசப்படாத எண் ஒன்று உண்டு. எஞ்சிய 12 பேரிடம் கட்டி சுருங்கியதேயன்றி மறையவில்லை. அவர்களுள் ஐவருக்கு, மீந்திருந்த கட்டியைச் சிறுநீரியல் அறுவையர் அகற்றிய பின் நோய் நீங்கிற்று. இண்டியானாவில் அந்த அறுவையர் ஜான் டோனஹூ. வயிற்றின் பின்புறத்தில், பெருந்தமனியின் இருமருங்கிலும் கிடக்கும் நிணநீர்க் கணுக்களை அகற்றும் நீண்ட, கடினமான அறுவையில் அவர் தேர்ந்தவர். விந்து வெளியேற்றத்தை ஆளும் நரம்புகளைக் காத்து அதைச் செய்யும் முறையையும் பின்னர் அவர் வளர்த்தார். மருந்து எதுவரை, கத்தி எங்கிருந்து என்பதை ஒரே நோயாளியின் படத்தைப் பார்த்து இருவர் சேர்ந்து முடிவுசெய்யும் பழக்கம் அங்கே வேரூன்றியது. புதிய தொழிலை உண்டாக்கியது சிஸ்பிளாட்டின் என்று சொல்வது வழக்கம். ஆயினும் அதே மருந்து அதே ஆண்டுகளில் வேறு பல இடங்களிலும் கிடைத்தது என்பதை நோக்கும்போது, மருந்தைப் போலவே இந்தக் கூட்டும் காரணமென்று கொள்வதே பொருந்தும். நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் இதற்கு இணையாக வளர்ந்த விரைப் புற்றுநோய்ப் பணியிலும் உள்மருத்துவரும் அறுவையரும் இணைந்தே செயல்பட்டனர்.

குணம் கைகூடிய பின் ஐன்ஹார்ன் குழு செய்த பணி, புகழில் குறைந்தாலும் தரத்தில் குறைந்ததன்று. பிழைக்கும் இளைஞர்களுக்கு இன்னும் ஐம்பது ஆண்டு வாழ்க்கை எஞ்சியிருந்ததால், தேவைக்கு மிஞ்சிய ஒவ்வொரு சொட்டு மருந்தும் பிற்காலத் தீங்காக மாறக்கூடும். ஆகவே எவ்வளவு குறைக்கலாம் என்பதை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தனர். வின்பிளாஸ்டினின் அளவு குறைக்கப்பட்டது. குணமானவர்களுக்கு இரண்டாண்டு தொடர்ந்து கொடுக்கப்பட்டுவந்த பராமரிப்பு மருந்து பயனற்றது என்று 1981இல் காட்டப்பட்டது. 1987இல் வின்பிளாஸ்டினின் இடத்தை நச்சு குறைந்த எட்டோபொசைடு பெற்றது. நோய் குறைவாகப் பரவியவர்களுக்கு நான்கு சுற்றுகளுக்கு மாறாக மூன்றே போதும் என்பது 1989இல் உறுதியாயிற்று. புரோஸ்டேட் நோய்க்கு அமில பாஸ்பட்டேஸ் போல, ஆல்பா பீட்டோபுரதம், எச்சிஜி ஆகிய இரத்தக் குறிகாட்டிகள் இந்நோயின் நிலையை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தமையால்தான் இவ்வளவு துணிவாகக் குறைக்க முடிந்தது. 1996இல் மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் மூளைவரை பரவிய நோயுடன் இண்டியானாபொலிசுக்கு வந்தபோது, அவருடைய நுரையீரலைக் காக்கப் பிளியோமைசினை நீக்கி ஐபாஸ்பமைடைச் சேர்த்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே. அவருடைய விளையாட்டுப் பட்டங்கள் பின்னர்ப் பறிக்கப்பட்டன, குணமானது மாறவில்லை.

இத்தொழிலின் தொடக்கமே அதன் ஆகப்பெரிய வெற்றியாக அமைந்தது ஒருவகையில் அதன் இடர்ப்பாடும் ஆயிற்று. விரையில் நடந்தது அண்டை உறுப்புகளிலும் நடக்கும் என்னும் எதிர்பார்ப்பு 1980கள் முழுவதும் நிலவியது. மெமோரியல் மருத்துவமனையில் ஆலன் யகோடாவின் குழு, மெத்தோட்ரெக்சேட், வின்பிளாஸ்டின், அட்ரியமைசின், சிஸ்பிளாட்டின் என்னும் நான்கின் கூட்டைப் பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் கொடுத்து, பெரும்பாலோரிடம் கட்டி சுருங்கியதை 1985இல் அறிவித்தபோது அந்நம்பிக்கை உச்சத்தை எட்டியது. இண்டியானாவின் பேட்ரிக் லோரர் தலைமையில் 1992இல் வெளியான ஒப்பீட்டாய்வு உண்மை அளவைக் காட்டிற்று: சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப்பேர் உயிரோடிருந்த காலம், 8.2 மாதம், நான்கு மருந்து பெற்றவர்களுக்கு 12.5 மாதம். ஆதாயம் உண்டு, குணம் அரிது. அறுவைக்கு முன்பே அம்மருந்துகளைக் கொடுத்தால் பயன் மிகும் என்பதை 317 நோயாளிகளைக் கொண்ட மற்றோர் ஆய்வு 2003இல் காட்டியதன் பின்னரே, சிறுநீர்ப்பை நோயாளி அறுவையரிடம் செல்லுமுன் மருந்து தரும் புற்றுநோய் மருத்துவரைக் காணும் வழக்கம் உருவானது.

இதே உறுப்பில் அந்தப் புற்றுநோய் மருத்துவரின் கைக்கு வராமலே போன சிகிச்சையும் ஒன்றுண்டு. கனடாவின் கிங்ஸ்டனில் அல்வாரோ மொராலெஸ் 1976இல், காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி மேற்பரப்புக் கட்டிகள் திரும்பாமல் தடுத்ததை ஒன்பது நோயாளிகளிடம் விவரித்தார். புற்றுநோய்க்கு எதிரான நோயெதிர்ப்புச் சிகிச்சைகளுள் நெடுங்காலம் வழக்கில் நிலைத்தது இதுவே எனலாம்; ஆனால் குழாய்வழியே செலுத்தப்படுவதால் அது இன்றும் சிறுநீரியலரின் உரிமையாகவே இருக்கிறது.

புரோஸ்டேட் புற்றுநோயில் மருத்துவர் நுழைந்த வழி இன்னும் தாழ்மையானது. ஹார்மோன் நீக்கத்துக்குப் பின் திரும்பிய நோயில் எந்த மருந்தும் ஆயுளைக் கூட்டாத காலத்தில், டொராண்டோவின் இயன் டானக், ஆயுளை விடுத்து வலியையே அளவுகோலாக்கினார். 1996இல் வெளியான, 161 நோயாளிகளைக் கொண்ட அவருடைய ஆய்வில், மைட்டோசாண்ட்ரோனும் பிரட்னிசோனும் சேர்த்துப் பெற்றவர்களுள் 29 விழுக்காட்டினருக்கும், பிரட்னிசோன் மட்டும் பெற்றவர்களுள் 12 விழுக்காட்டினருக்கும் வலி குறைந்தது, வாழ்நாளில் வேறுபாடில்லை. நோயாளி தானே குறித்த வலிமதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு ஒரு கீமோதெரபி ஏற்கப்பட்டது, விரைப் புற்றுநோய் வளர்த்திருந்த வெற்றிமனப்பான்மைக்கு வேண்டிய திருத்தமாகும். அதே டானக், 2004இல் டோசிடாக்செல் மருந்து இடைநிலை வாழ்நாளை 16.5 மாதத்திலிருந்து 18.9 மாதமாக நீட்டுவதைக் காட்டினார். ஏறத்தாழ இரண்டரை மாதம் என்பது சிறிய எண்ணே. அதே மருந்தை நோய் பரவிய தொடக்கத்திலேயே ஹார்மோன் நீக்கத்துடன் சேர்த்தபோது, கிறிஸ்டோபர் ஸ்வீனி தலைமையில் 790 பேரிடம் நடந்த ஆய்வில், அந்த இடைவெளி 44 மாதத்துக்கும் 57.6 மாதத்துக்கும் இடையிலானதாக 2015இல் விரிந்தது. அபிராட்டெரோன், என்சலூட்டமைடு ஆகிய புதிய ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளும் 2011இலும் 2012இலும் வந்துசேர, சிறுநீரியலரின் மருந்துச்சீட்டில் இருந்த நோய் மெல்ல மருத்துவரின் அறைக்கு இடம்பெயர்ந்தது.

சிறுநீரகப் புற்றுநோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1993இல் விஎச்எல் என்னும் மரபணு கண்டறியப்பட்டு, அது பழுதுபட்டால் கட்டி தனக்கு வேண்டிய இரத்தக்குழாய்களைத் தானே வரவழைப்பது விளங்கியதன் விளைவாக, அக்குழாய்களைத் தடுக்கும் சொராபெனிப் 2005இன் இறுதியிலும் சுனிட்டினிப் 2006இன் தொடக்கத்திலும் ஒப்புதல் பெற்றன.

இத்தொழில் எல்லா நாட்டிலும் ஒரே வடிவம் கொள்ளவில்லை. ஜெர்மனியில் சிறுநீரியலரே கீமோதெரபியையும் கொடுப்பதுண்டு. பிரிட்டனில் கதிர்வீச்சையும் மருந்தையும் ஒருவரே கையாளும் மரபு உண்டு. இந்தியாவில் மருத்துவப் புற்றுநோயியலுக்கான மேற்பட்டப் படிப்பை 1984இல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. உறுப்புவாரியாகப் பிரிந்த வல்லுநர்களை மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய மையங்களில்தான் காண முடிகிறது, பிற இடங்களில் ஒரே மருத்துவர் மார்பகத்தையும் நுரையீரலையும் விரையையும் ஒரே நாளில் பார்க்கிறார்.

2023 அக்டோபரில் மாட்ரிடில் நடந்த புற்றுநோய் மாநாட்டில் தாமஸ் பவல்ஸ் அறிவித்த ஆய்வில், பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு என்போர்ட்டுமாப் வெடோட்டின், பெம்புரோலிசுமாப் என்னும் இரண்டின் கூட்டு, பிளாட்டின மருந்தை அடிப்படையாகக் கொண்ட பழைய சிகிச்சையின் 16.1 மாத இடைநிலை வாழ்நாளை 31.5 மாதமாக உயர்த்தியது. நாற்பதாண்டுக் காலம் அந்நோயின் முதல் மருந்தாக இருந்த சிஸ்பிளாட்டின் இதனால் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. விரைப் புற்றுநோய்க்கோ, 1987இல் வகுக்கப்பட்ட சிஸ்பிளாட்டின், எட்டோபொசைடு, பிளியோமைசின் கூட்டே இன்றளவும் முதற்சிகிச்சையாகக் கொடுக்கப்பட்டுவருகிறது.